எந்த வயதுக்கு அளவெடுப்பது?

மகளுக்கோ மருமகளுக்கோ அமெரிக்காவில் பிரசவம் என்றால் நம் வீடுகளில் ஒரு பெட்டி தயாராகும். பிரசவ லேகியம், சுக்குப்பொடி, கருப்பட்டி, வசம்பு, காய்ச்சி வடித்த தேங்காய் எண்ணெய், வெள்ளியில் ஓர் அரைஞாண் கொடி. எல்லாவற்றுக்கும் அடியில், துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழைய பருத்திப் புடவையும் வேட்டியும் சதுரம் சதுரமாகக் கிழித்து மடித்து வைத்திருப்பார்கள். ஐ.டி. வேலைக்குப் பிள்ளைகள் கடல் கடந்து போகத் தொடங்கிய நாளிலிருந்து, குளிருக்குப் பழகாத எத்தனையோ அம்மாக்கள் இந்தப் பெட்டியோடு விமானம் ஏறியிருக்கிறார்கள். ஐந்தாறு மாதம் அங்கே இருந்து, குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டி, மகளுக்குப் பத்தியச் சமையல் செய்து போட்டு, அவள் எழுந்து நடமாடிய பிறகே திரும்பியிருக்கிறார்கள்.

2020 மார்ச் 23 முதல் வழக்கமான பன்னாட்டு விமானங்கள் இந்தியாவில் நிறுத்தப்பட்டன. அடுத்த இரண்டு நாளில் நாடே ஊரடங்குக்குள் போனது. வழக்கமான சேவை திரும்பியது 2022 மார்ச் 27 அன்றுதான். நடுவில் ‘வந்தே பாரத்’ விமானங்களும், சில நாடுகளோடு செய்துகொண்ட ஏற்பாட்டின்படி குறைந்த எண்ணிக்கையில் வேறு விமானங்களும் பறந்தன. ஆனால், சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் உள்ள அறுபது வயதைத் தாண்டிய தாயை, யார் இருமுகிறார் யார் தும்முகிறார் என்று தெரியாத விமானத்தில் ஒரு பகலும் இரவும் உட்கார வைக்க எந்தப் பிள்ளைக்கு மனம் வரும்? கட்டி வைத்த பெட்டிகள் கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தன.

அப்படித் தடுக்கப்பட்ட அம்மாக்களில் சிலர் ஊசியையும் நூலையும் எடுத்தார்கள். கொரோனா காலத்தில் வீடுகளில் நடந்த கைவேலையைப் பற்றிப் பேசும்போதெல்லாம், பொழுது போகாமல் செய்தது என்றே பேசுகிறோம். ரொட்டி சுட்டதையும் டல்கோனா காபி கலக்கியதையும் இதையும் ஒரே பட்டியலில் சேர்த்துவிடுகிறோம். எங்கள் வீட்டில் நடந்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்த என்னால் அதை ஏற்க முடியவில்லை. அங்கே ஒரு கடமை தடைபட்டிருந்தது. அந்தக் கடமையை வேறு வழியில் செய்யக் கைகள் முயன்றுகொண்டிருந்தன.

பழையது, ஆனால் முதல் உடை

எங்கள் வீடு குன்னூரில். அம்மா கான்வென்ட்டில் படித்தவர். அங்கே தையல் பீரியடில் ஒரு ஜோடி காலுறையாவது பின்னிக் காட்டினால்தான் மார்க். அதோடு நின்றிருக்கும். கல்யாணமாகி வந்த இடத்தில் பக்கத்து வீட்டில் ஒரு ராணுவக் குடும்பம். ராணுவ அதிகாரிகள் பயிலும் கல்லூரியும் மெட்ராஸ் ரெஜிமென்ட் மையமும் இருக்கிற வெலிங்டன் குன்னூரை ஒட்டியது என்பதால், வடநாட்டுக் குடும்பங்கள் வருவதும் மாற்றலாகிப் போவதும் எங்களுக்கு வழக்கம். வெயில் அடிக்கும் பக்கமாக நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, வாய் பேச்சில் இருக்க, கண் தெருவில் இருக்க, கை மட்டும் தன்பாட்டுக்குப் பின்னிக்கொண்டிருக்கும் பஞ்சாபி ஆன்ட்டி ஒருவரிடம்தான் அம்மா ஸ்வெட்டர் போடக் கற்றார். எனக்கும் தங்கைக்கும் பள்ளிக்கூட ஸ்வெட்டர், அப்பாவுக்கு மஃப்ளர், தாத்தாவுக்கு மங்கி கேப் என்று எல்லாம் அவர் கையில் ஆனவை. நாங்கள் வளர்ந்து வெளியேறிய பிறகு ஊசிகள் அலமாரிக்குள் போயின.

தங்கை சிகாகோவுக்குப் பக்கத்தில் இருக்கிறாள். டாக்டர் சொன்ன தேதி 2020 அக்டோபர். அக்டோபரில் பிறக்கும் குழந்தை முதலில் பார்க்கப்போவது பனியை. அம்மாவின் விரல்கள் அதை அப்போதே கணக்குப் போட்டுவிட்டன. ஆனால் மனசு ஒப்பவில்லை.

“பொறக்கறதுக்கு முன்னாடி குழந்தைக்குப் புதுசா எதுவும் பண்ணக் கூடாது கண்ணு. எங்கம்மா ஒரு பட்டன்கூடத் தைக்க விடமாட்டாங்க.”

இந்த வழக்கம் நம் ஊரில் பல சமூகங்களில் இருக்கிறது. பிறக்கும்வரை தொட்டில் கட்டுவதில்லை, சட்டை எடுப்பதில்லை. பிறந்ததும் போர்த்துவதும் புதுத்துணி அல்ல. வீட்டில் ஆண்டு அனுபவித்து நல்லபடியாக இருக்கும் பெரியவர்களின் பழந்துணி. குழந்தைகள் பிறந்த சில நாளிலேயே இறந்துபோவது சாதாரணமாக இருந்த காலத்தின் அச்சம் இதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். கஞ்சி போகத் துவைத்த பழைய பருத்தி, பிஞ்சுத் தோலை உறுத்தாது என்ற நடைமுறை அறிவும் இருக்கிறது. அங்கேயோ, பிறப்பதற்கு முன்பே ஓர் அறையை அலங்கரித்து, தொட்டில் கட்டில் போட்டு, அலமாரி நிறையச் சட்டைகளை மாட்டி விடுகிறார்கள். வீடியோவில் அந்த அறையைத் தங்கை காட்டியபோது அம்மா ஒன்றும் சொல்லவில்லை. போனை வைத்த பிறகு சாமி படத்தின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார்.

நினைத்தாலும் புதிதாகச் செய்ய முடியாத நிலை வேறு. ஊரடங்கில் மருந்துக்கடையும் மளிகைக்கடையும் திறந்தன. உல்லன் நூல் விற்கும் கடையை யார் திறப்பார்கள்? ஆன்லைனிலும் அத்தியாவசியப் பொருள்கள் மட்டும் என்றிருந்த வாரங்கள் அவை.

ஒருநாள் காலையில் அம்மா, அப்பாவின் மெரூன் ஸ்வெட்டரைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எங்கள் சிறுவயதில் அவரே பின்னியது. முழங்கையில் நைந்திருந்தது, மற்றபடி கல்லுப் போல இருந்தது. அடியிலிருந்து ஓர் இழையைப் பிய்த்து, தீக்குச்சியைக் கிழித்து அதன் நுனியில் காட்டினார். முடி கருகுவது போன்ற வாடை. நுனியில் நின்ற கரியை விரலால் நசுக்கினால் பொடியாக உதிர்ந்தது. கலப்பில்லாத கம்பளி என்பதற்கு அதுதான் சாட்சி. அக்ரிலிக் என்றால் உருகிக் கெட்டியான மணியாக நிற்கும். பிளாஸ்டிக் வாடை அடிக்கும்.

“இதைப் பிரிச்சுடலாமா? இது பழசுதானே? புதுசுன்னு ஆகாதில்ல?” என்று என்னைக் கேட்டார். கேட்கும்போதே விடை அவருக்குத் தெரிந்திருந்தது. அப்பா நல்லபடியாக இருக்கிறார்; முப்பது வருஷம் உடுத்தியது; பேத்தியோ பேரனோ பிறந்ததும் போர்த்த இதைவிடப் பொருத்தமான பழந்துணி எது? அப்பாவும், “எடுத்துக்கோ, எனக்கு இன்னும் ரெண்டு இருக்கு” என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

ஸ்வெட்டரைப் பிரிப்பது, பின்னுவதைவிடப் பொறுமை கேட்கிற வேலை. முதலில் பிளேடின் முனையால் தோளிலும் பக்கவாட்டிலும் போட்ட தையலை மட்டும் அறுக்க வேண்டும். கூடவே ஒரு வளையம் அறுந்தால் அந்த இடத்தில் நூல் துண்டாகிவிடும். முன்பக்கம், பின்பக்கம், இரண்டு கைகள் என்று நான்கு துண்டாக வந்த பிறகு, கழுத்து ஓரத்தில் முடித்த முடிச்சைத் தேட வேண்டும். பின்னும்போது கடைசியாக வந்த இடம்தான் பிரிக்கும்போது முதலில். அது கிடைத்துவிட்டால் பிறகு இழுக்க இழுக்க வரிசை வரிசையாகச் சரசரவென்று ஓடி வரும். வந்த நூல் நேராக இருக்காது. முப்பது வருஷம் வளையமாக உட்கார்ந்திருந்த பழக்கத்தில் இடியாப்பம் போலச் சுருண்டு சுருண்டு நிற்கும். அதை அப்படியே பின்னினால் ஒரு ஸ்டிச் பெரிதும் ஒன்று சிறிதுமாக வரும்.

அப்பா இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அம்மா அந்தக் கைகளில் நூலைச் சிட்டமாகச் சுற்றினார். நான்கு இடத்தில் தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் ஷாம்பூ விட்டு ஊறவைத்து, பிழியாமல் அழுத்தி நீரை எடுத்து, கொடியில் தொங்கவிட்டு, கீழ்நுனியில் தண்ணீர் நிரப்பிய பாட்டிலை எடைக்குக் கட்டினார். வெயில் ஊர் என்றால் ஒரு பகலில் காய்ந்திருக்கும். குன்னூரின் ஜூன் மாதத்து மூடுபனியில் அது நாள்கணக்கில் தொங்கியது. போகவர அம்மா அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். காய்ந்து இறக்கியபோது சுருள் எல்லாம் போய்ப் புது நூல் மாதிரி நீண்டு கிடந்தது.

கேத்தி ஊசி, சிகாகோ ஊசி

அம்மாவின் ஊசிகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். குன்னூரிலிருந்து ஊட்டி போகும் சாலையில் எல்லநள்ளி, அதை ஒட்டிக் கேத்திப் பள்ளத்தாக்கு. 1949-ல் தொடங்கிய நீடில் இண்டஸ்ட்ரீஸ் தொழிற்சாலை அங்கேதான் இருக்கிறது. ஓர் இங்கிலாந்து நிறுவனத்தின் கிளையாகத் தொடங்கியது அது. ‘போனி’ என்ற பெயரில் அங்கே ஆகும் பின்னல் ஊசிகளும் குரோஷே ஊசிகளும் இந்தியா முழுக்க விற்பதோடு வெளிநாடுகளுக்கும் போகின்றன. ஐரோப்பாவில் எங்கோ ஒரு பாட்டி ஊரடங்கில் பின்னிக்கொண்டிருந்த ஊசி எங்கள் மலையிலிருந்து போனதாக இருக்கலாம் என்பது எனக்கு இன்றும் பெருமை. உள்ளூரிலேயே இதை அறியாதவர்கள் நிறையப் பேர் என்பதால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

ஊசி மட்டுமல்ல, ஆடும் இங்கே உண்டு. தென்னிந்தியாவில் உடைக்கு ஏற்ற மென்மையான கம்பளி தரும் இனம் என்றால் அது நீலகிரி ஆடுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் உள்நாட்டு ஆடுகளோடு மெரினோ போன்ற வெளிநாட்டு இனங்கள் கலந்து உருவானது. ஊட்டிக்கு அப்பால் சாண்டிநல்லாவில் இருக்கும் ஆட்டின ஆராய்ச்சி நிலையம் அந்த இனத்தைக் காத்துவருகிறது. ஆனால் எங்கள் கடைகளில் கிடைக்கும் நூல் லூதியானாவிலிருந்து வருகிறது. அதிலும் பெரும்பகுதி அக்ரிலிக். ஊசியும் ஆடும் இருக்கிற மலையில் நூல் மட்டும் நாட்டின் மறுகோடியிலிருந்து வரவேண்டியிருப்பது வருத்தமாக இருக்கிறது. நீலகிரிக் கம்பளியை ஒரு நல்ல நூல்கண்டாக எங்கள் கடைகளிலேயே வாங்க முடிகிற நாள் வர வேண்டும்.

தங்கைக்கும் ஆசை வந்தது. அம்மா இங்கே பின்னும்போது தானும் அங்கே ஒன்று பின்ன வேண்டும் என்று நூலும் ஊசியும் வரவழைத்தாள். வீடியோவில் இருவரும் உட்கார்ந்தார்கள். “பத்தாம் நம்பர் ஊசி எடுத்துக்கோ. நாப்பது ஸ்டிச் போடு.” அவளும் பத்தாம் நம்பர்தான் எடுத்தாள். நான்கு விரற்கடை பின்னி முடித்துக் காட்டியபோது அம்மா, “என்னடி இது, மீன் வலை மாதிரி?” என்று பதறிவிட்டார். நம் ஊரில் புழங்குவது பழைய பிரிட்டிஷ் கணக்கு. நம்பர் ஏற ஏற ஊசி மெலியும். பத்தாம் நம்பர் என்றால் 3.25 மில்லிமீட்டர். அமெரிக்கக் கணக்கில் நம்பர் ஏற ஏற ஊசி தடிக்கும். அங்கே பத்து என்பது 6 மில்லிமீட்டர். எட்டு என்றால் இங்கே 4, அங்கே 5. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நம்பர் சொல்வதை விட்டு மில்லிமீட்டர் சொல்லத் தொடங்கினோம். இந்தச் சின்னக் குழப்பத்தைத் தீர்க்கிற சாக்கில் தினமும் இரண்டு பேரும் அரை மணி நேரம் பேசினார்கள். ‘சாப்பிட்டியா, வாந்தி நின்னுச்சா’ என்பதைத் தாண்டிப் பேச்சே இல்லாமல் போயிருந்த போன்களுக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

கைக்குழந்தையின் கணக்கு

முதலில் அம்மா தொடங்கியது ஒரு போர்வை. பத்து சென்டிமீட்டருக்கு 20 ஸ்டிச், 40 வரிசை விழுகிற சாதாரண நிட் பின்னலில் 80 சென்டிமீட்டர் சதுரம். மொத்தம் 51,200 ஸ்டிச். ஒரு சாண் வளர்ந்திருக்கும்போது தங்கை தயங்கித் தயங்கிச் சொன்னாள்: “அம்மா, இங்க ஒரு வயசு வரைக்கும் தூங்கற இடத்துல போர்வை, தலகாணி எதுவும் வைக்கக் கூடாதுன்னு சொல்றாங்க.” அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கம் வெகுகாலமாகச் சொல்லிவரும் அறிவுரை அது, தளர்ந்த துணி மூக்கை மூடி மூச்சுத் திணறலாம் என்பதால். பத்துப் பிள்ளைகளைப் போர்த்தி வளர்த்த பரம்பரை நம்முடையது என்று அம்மா வாதாடவில்லை. அன்றைக்கே ஊசியை உருவிப் போர்வையைப் பிரித்தார். குழந்தையின் மேலேயே நிற்கிற ஸ்வெட்டராக மாற்றினார். பழைய டிசைன்களில் கழுத்தில் ரிப்பன் கோத்துக் கட்டுவார்கள், அது வேண்டாம். பொத்தல் பொத்தலான லேஸ் பின்னல் வேண்டாம், சின்ன விரல் மாட்டிக்கொள்ளும். முன்பக்கம் திறப்பு, பட்டன்களை நூலால் இரட்டை முடிச்சுப் போட்டு இழுத்துப் பார்த்துத் தைப்பது.

சரி, எந்த அளவுக்கு?

இந்தக் கேள்வியைத்தான் நான் இந்தக் கட்டுரையில் சொல்ல வந்தேன். பெரியவர்களுக்குப் பின்னும்போது அளவு என்பது மார்பும் தோளும் கையும். கைக்குழந்தைக்குப் பின்னும்போது அளவு என்பது காலம். பிறக்கும்போது ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் நீளமிருக்கும் குழந்தை, ஒரு வயதில் 75-ஐத் தொடும். பிறக்கும்போது தலைச்சுற்று மார்புச் சுற்றைவிடப் பெரிது. ஒரு வயதை ஒட்டி இரண்டும் சமமாகும். பிறகு மார்பு முந்தும். மூன்று மாதக் குழந்தைக்குச் சரியாக இருக்கும் சட்டை ஆறாவது மாதத்தில் கை நுழையாது. ஆகவே, போய்ச் சேரும்போது குழந்தைக்கு எத்தனை மாதம் ஆகியிருக்கும் என்று தெரிந்தால்தான் ஊசியில் முதல் வரிசையே போட முடியும். 2020-ல் அது யாருக்குத் தெரியும்?

அம்மா மூன்று மாத அளவுக்குப் போட்டார். தபால் ஒரு மாதத்தில் போய்விடும் என்பது கணக்கு. பேத்தி அக்டோபரில் பிறந்தாள். பிரசவ அறைக்குள் மாப்பிள்ளை ஒருவரை மட்டும் விட்டார்கள். பார்சல் கிளம்பியது, எங்கெங்கோ நின்றது, வாரங்கள் போயின. போய்ச் சேர்ந்தபோது குளிர்காலம் முக்கால்வாசி முடிந்திருந்தது. தொற்று ஒட்டியிருக்குமோ என்ற அந்நாளைய பயத்தில் தங்கை அதை கராஜில் சில நாள் வைத்திருந்து பிறகு பிரித்தாள். வீடியோவில் போட்டுக் காட்டினாள். ஒரு கை முழங்கையோடு நின்றது. பட்டன் எட்டவில்லை. குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது. அம்மாவும் சிரித்தார். அப்புறம் சமையலறைக்குப் போய் வெகுநேரம் பாத்திரம் விளக்கினார்.

மறுபடி போடலாம், நூல் நிறைய மிச்சம் இருக்கிறது என்றேன். இந்த முறை இரண்டு வயது அளவுக்குப் போடு, எப்போது போனாலும் ஆகும் என்றேன். அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“ரெண்டு வயசுக்குப் போட்டேன்னா, ரெண்டு வயசு வரைக்கும் நான் அவளைப் பாக்கப் போறதில்லைன்னு நானே எழுதிக் குடுத்த மாதிரி ஆயிடும்.”

அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஒன்பது மாத அளவுக்குத் தொடங்கினார். ஒன்பதாவது மாதத்தில் தானே போய்விடலாம் என்பது நம்பிக்கை. 2021 மார்ச் 1 முதல் அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத் தடுப்பூசி போடத் தொடங்கியதும் அந்த நம்பிக்கைக்கு ஆதாரமும் கிடைத்தது. முதல் டோஸ் போட்டுக்கொண்டு வந்த அன்று மாலை, வலிக்கிற கையோடு முதுகுப்புறத்தை முடித்தார்.

இரண்டாம் அலை வந்தது. மே 4 முதல் அமெரிக்கா இந்தியாவிலிருந்து வருகிறவர்களுக்குத் தடை போட்டது. மே 10 முதல் தமிழ்நாட்டில் மறுபடி முழு ஊரடங்கு. ஆக்சிஜன் படுக்கைக்கு அலைந்தவர்களின் செய்திகளைப் பகலெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த நாள்கள். கோயம்புத்தூரில் அப்பாவின் ஒன்றுவிட்ட அண்ணன் போய்விட்டார். முகம் பார்க்கக்கூட யாரும் போக முடியவில்லை. அந்த வாரங்களில் அம்மா ஊசியைத் தொடவில்லை. பாதி வரிசையில் நின்ற நூலை யாரும் நகர்த்தவும் இல்லை. அதைத் தாண்டித்தான் நாங்கள் எல்லாரும் நடந்தோம்.

தடுக்கப்பட்ட கைகள்

அந்த இரண்டு ஆண்டுகளில் உலகெங்கும் இப்படித்தான் நூலும் ஊசியும் வெளியே வந்தன. இங்கிலாந்தின் டைவிங் வீரர் டாம் டேலி 2020 ஊரடங்கில் பின்னக் கற்றுக்கொண்டவர். ஓராண்டு தள்ளி 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கிவிட்டு, பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்த அவரது படத்தை உலகமே பார்த்தது. பதக்கத்துக்கு உறையும் தானே பின்னிவைத்தார். மதுரையில் என் சித்தி வயர் கூடை போட்டார். பெங்களூரில் இருக்கும் பேரன் பேத்திகளுக்கு ஆளுக்கொன்று. ஒருத்திக்கு நெல்லிக்காய் முடிச்சு, ஒருத்தனுக்கு சிவன் கண். பள்ளிக்கூடமே திறக்காதபோது மதியச் சாப்பாட்டுக் கூடை எதற்கு என்று கேட்டதற்கு, “தொறப்பாங்கல்ல?” என்றார். சித்தியின் கூடைக்கும் அம்மாவின் ஸ்வெட்டருக்கும் ஒரே அடிப்படை. அடுத்து வரப்போகும் ஒரு நாளைக் கையால் செய்து வைப்பது.

பின்னுவது மனதுக்கு என்ன செய்கிறது என்று ஆராய்ந்திருக்கிறார்கள். 2013-ல் பிரிட்டனின் தொழில்வழிச் சிகிச்சை இதழ் ஒன்றில் வெளியான ஆய்வுக்காக, பல நாடுகளிலிருந்து 3,545 பேர் பதில் தந்தார்கள். அடிக்கடி பின்னுகிறவர்கள் அதிக அமைதியையும் மகிழ்ச்சியையும் உணர்வதாகச் சொன்னார்கள். அவர்களே சொன்னதை வைத்துச் செய்த ஆய்வு என்பதால் அதற்கு மேல் அதில் ஏற்றக் கூடாது. அம்மாவைப் பார்த்த அளவில் எனக்குத் தெரிந்தது இது: எண்ணிக்கொண்டிருக்கும்போது பயப்பட முடியாது. ‘முப்பத்தாறு, முப்பத்தேழு’ என்று போகிற வாய்க்குள் அன்றைய தொற்று எண்ணிக்கைக்கு இடமில்லை.

பெண்களின் ஊசி வேலையை ஓய்வுநேரச் சங்கதியாகப் பார்ப்பது நம் மண்ணுக்கும் பொருந்தாது. 1820-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நாகர்கோவிலில் மிஷனரி சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா மால்ட், பெண்களுக்குப் பள்ளி நடத்தி லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது 1855-ல். அதற்கு முன்பே, லேஸ் விற்று வந்த காசைக் கொடுத்துத் தங்களை மீட்டுக்கொண்ட பெண்கள் அங்கே இருந்தார்கள். அந்த மார்த்தாவின் மகள் எலிசாதான் கால்டுவெல்லின் மனைவி. இடையன்குடிப் பெண்களுக்கு லேஸைக் கொண்டுபோனவர் அவர். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதியவரை நாம் கொண்டாடுகிறோம், கொண்டாடவும் வேண்டும். அதே வீட்டில் எலிசா நடத்திய லேஸ் வகுப்பையும் அதே மரியாதையோடு நினைக்க வேண்டும் என்பது என் ஆசை.

கழுத்திலிருந்து கீழே

மழைக்காலம் தொடங்கிய பிறகு அம்மா மறுபடி உட்கார்ந்தார். குழந்தை ஒன்பது மாதத்தைத் தாண்டிக்கொண்டிருந்தது. முடிந்திருந்த முதுகுப்புறத்தை ஒரு வார்த்தை பேசாமல் பிரித்தார். அப்பா வழக்கம்போலக் கைகளை நீட்டினார். இந்த முறை யூடியூபில் பார்த்த வேறு முறை. கான்வென்ட்டில் கற்றது கீழிருந்து மேலே, துண்டு துண்டாகப் பின்னிச் சேர்த்துத் தைப்பது. இது கழுத்தில் தொடங்கி, தோளின் நான்கு கோடுகளில் ஸ்டிச்சைக் கூட்டிக்கொண்டே கீழே இறங்குவது. தையலே கிடையாது. இதில் உள்ள பெரிய வசதி, உடம்பும் கையும் கீழ்ப்பக்கம் முடிவதால், குழந்தை வளர்ந்ததும் நுனியைப் பிரித்து, நிற்கிற வளையங்களை ஊசியில் ஏற்றி, இன்னும் இரண்டு அங்குலம் பின்னிக்கொள்ளலாம்.

“இப்ப எந்த வயசுன்னு கேக்காதே. போறப்ப எந்த வயசோ அந்த வயசு” என்றார் அம்மா. ஆனாலும் கழுத்தையும் தோளையும் இரண்டு வயதுக்குத்தான் போட்டார். அதை நான் கவனித்ததை அவரும் கவனித்தார். இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

நவம்பர் 8 அன்று, இரண்டு டோஸ் போட்ட பயணிகளுக்கு அமெரிக்கா வழி திறந்தது. முன்பே எடுத்த விசா அம்மாவிடம் இருந்தது. டிசம்பரில் போனார். அங்கே என்ன நடந்தது என்பதைத் தங்கை சொல்லித்தான் எனக்குத் தெரியும். கதவைத் திறந்ததும் பதினான்கு மாதக் குழந்தை, போனில் பார்த்த முகத்தை நேரில் பார்த்து மிரண்டு அப்பாவின் தோளில் ஒளிந்துகொண்டது. அம்மா அவசரப்படவில்லை. கைகழுவி, உடை மாற்றி, பரிசோதனைக் குச்சியை மூக்கில் விட்டுப் பார்த்து ஒரு கோடுதான் என்று உறுதி செய்துகொண்டு, தரையில் உட்கார்ந்து, பையிலிருந்து மிச்ச நூல்கண்டை எடுத்து உருட்டிவிட்டார். அதைத் துரத்திக்கொண்டு குழந்தை மடிவரை வந்தது. மறுநாள் ஸ்வெட்டர் போட்டுப் பார்த்தார்கள். கையை இரண்டு மடிப்பு மடிக்க வேண்டியிருந்தது. கழுத்து சரியாக உட்கார்ந்தது.

ஊருக்குத் திரும்பும் முன் அம்மா தங்கைக்கு நுனியைப் பிரிக்கவும் வளையங்களை நழுவாமல் ஏற்றவும் கற்றுக்கொடுத்துவிட்டு வந்தார். அடுத்த குளிருக்குத் தங்கையே இரண்டு அங்குலம் நீட்டினாள், சரியான 4 மில்லிமீட்டர் ஊசியில். அவள் கை அம்மாவின் கையைவிடத் தளர்வு; கீழ்ப்பட்டை கொஞ்சம் விரிந்து நிற்கிறது. தண்ணீரில் நனைத்து, இழுத்துப் பிடித்து உலர்த்தினால் ஓரளவு சரியாகும் என்று அம்மா சொல்லிப் பார்த்தார். தங்கை அப்படியே இருக்கட்டும் என்றுவிட்டாள்.

பேத்தி பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டாள். அந்த ஸ்வெட்டர் இப்போது வயிற்றுக்கு மேலே நிற்கிறது. மொத்தத்தையும் பிரித்து அனுப்பச் சொல்லியிருக்கிறார் அம்மா. பாக்கெட் வைத்து மறுபடி போட்டுத் தருவாராம். இருக்கிற நூல் போதாது என்பதால், அதே மெரூனில் கலப்பில்லாத கம்பளி தேடி ஊட்டியிலும் கோயம்புத்தூரிலும் நான் கடை கடையாக ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறேன். கையில் அப்பாவின் ஸ்வெட்டரிலிருந்து வெட்டி எடுத்த ஒரு சாண் இழை.